கரி எடுத்த ஊர் காற்றை அளக்கிறது

நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலைகளில் சில நாட்களில் துகள் உறைபனி விழுவதுண்டு. புல்வெளியும் காய்கறிப் பாத்தியும் தேயிலைத் தளிரும் வெள்ளைப் பொடி தூவினாற்போலக் காட்சி தரும். வெயில் ஏறியதும் அப்பனி மறைந்துவிடும். கருகிப்போன கொழுந்து மட்டும் அது வந்து சென்றதற்குச் சாட்சியாக நிற்கும். ஹட்டன், நுவரெலியாப் பகுதி மக்கள் குளிர் என்று அறிந்துள்ளதன் எல்லை ஏறத்தாழ அதுவே. அந்த எல்லைக்கு அப்பால், ஆண்டில் பெரும்பகுதி நிலமும் நீரும் உறைந்து கிடக்கும் நாடுகளிலும் மனிதர் வாழ்கின்றனர். அவற்றுள் ஓர் ஊர் தனித்தன்மை வாய்ந்தது. அங்கே உழவில்லை, மரமில்லை, கடைத்தெருவில்லை, அதனைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளும் குடிமக்களும் இல்லை. அங்கு சென்று தங்குவோர் யாவரும் காற்றையும் பனியையும் கடலையும் அளப்பவர்கள். அல்லது அளப்பவர்களுக்குத் துணை நிற்பவர்கள்.

நோர்வே நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 79ஆம் வட அகலக்கோட்டை ஒட்டி, நீண்டதொரு கடற்குடாவின் கரையில் அவ்வூர் அமைந்துள்ளது. நீ ஓலசுண்ட் என்பது அதன் பெயர். ஹட்டன் நகரம் 7ஆம் அகலக்கோட்டை ஒட்டியது என்பதை நினைவிற் கொண்டால், இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒருவாறு விளங்கும். அவ்வூரிலிருந்து வடமுனைக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் மாத்திரமே. குளிர்காலத்தில் அங்கே முப்பது முப்பத்தைந்து பேர் தங்குவர். கோடையில் இத்தொகை நூறைத் தாண்டிவிடும். நோர்வே, ஜேர்மனி, பிரான்சு, பிரித்தானியா, இத்தாலி, நெதர்லாந்து, ஜப்பான், தென்கொரியா, சீனா, இந்தியா ஆகிய நாடுகள் அங்கே ஆராய்ச்சி நிலையங்களை அமைத்துள்ளன.

அவ்வூர் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காக உண்டானதன்று. நிலக்கரிக்காக உண்டானது. 1916ஆம் ஆண்டில் நோர்வேயைச் சேர்ந்த ஒரு கம்பனி அங்கே சுரங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றது. கம்பனி வீடு கட்டியது, கம்பனி உணவளித்தது, கம்பனியின் சங்கொலிக்குத் தொழிலாளர் எழுந்தனர். தோட்டமும் லயனும் பிரட்டுக்களமும் கண்டு வளர்ந்த மலையக மக்களுக்கு அத்தகைய வாழ்க்கையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓர் ஊர் முழுவதும் ஒரே தொழிலுக்காக எழுப்பப்பட்டு, அத்தொழிலின் இலாப நட்டத்தோடு எழுந்து விழுவது என்பது அவர்கள் நன்கறிந்த செய்தியேயாகும்.

1926ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சுரங்க ஊர் உலகப் புகழ் பெற்றது. தென்முனையை முதன்முதலில் அடைந்தவரான ரோல்ட் அமுண்ட்சன், இத்தாலியரான நோபிலே, அமெரிக்கரான எல்ஸ்வேர்த் ஆகியோர் ‘நோர்ஜ்’ என்னும் ஆகாயக் கப்பலில் அங்கிருந்து புறப்பட்டு, வடமுனையைக் கடந்து அலாஸ்காவை அடைந்தனர். அக்கப்பலைக் கட்டிவைத்த இரும்புக் கோபுரம் இன்றும் அவ்வூரின் எல்லையில் நிற்கிறது. ஆயினும், புகழ் வேறு, பிழைப்பு வேறு. கோபுரத்துக்குக் கீழே, நிலத்துக்குள், கரி வெட்டும் தொழில் இடையிற் சில காலம் நின்றும் மீண்டும் தொடங்கியும் நடைபெற்று வந்தது. விபத்துக்களும் ஒன்றன்பின் ஒன்றாய் நேர்ந்தன.

1962ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் சுரங்கத்தினுள் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. 21 தொழிலாளர் மாண்டனர். அவர்களுட் சிலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. இன்றும் அம்மலையின் வயிற்றிலேயே அவை கிடக்கின்றன. சுரங்கம் அரசாங்கத்துக்கு உரியதாக இருந்தமையால், தொழிலாளரின் பாதுகாப்பை அரசாங்கம் புறக்கணித்ததா என்ற கேள்வி நோர்வேப் பாராளுமன்றத்தில் எழுந்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரதம மந்திரி கெர்ஹார்ட்சனின் அரசாங்கம் அதன் காரணமாகவே வீழ்ந்தது. எட்டாத தொலைவில், பனிக்குள் வேலை செய்த 21 எளிய மனிதரின் சாவு ஒரு நாட்டின் ஆட்சியையே அசைத்தது எனில், அந்நாட்டு மக்கள் அச்சாவுக்கு எத்துணை மதிப்புக் கொடுத்தனர் என்பது புலனாகும். சுரங்கம் மூடப்பட்டது, மீண்டும் திறக்கப்படவில்லை.

வெறுமையாய்க் கிடந்த வீடுகளுக்கு 1960களின் பிற்பகுதியிலிருந்து விஞ்ஞானிகள் வரத் தொடங்கினர். சுரங்கத் தொழிலாளர் தூங்கிய அறைகளில் ஆராய்ச்சியாளர் தூங்கினர். வேலை முடிந்து கரித்தூசோடு மேலேறி வரும் தொழிலாளர் உடல் கழுவுவதற்கென ஒரு குளியற்கூடம் இருந்தது. நோர்வே மொழியில் அதற்கு ‘குரூவெபாடெட்’ என்று பெயர். ‘சுரங்கக் குளியலிடம்’ என்பது பொருள். அந்தக் குளியற்கூடம் இன்று காற்றை ஆராயும் கூடமாகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. காற்றில் மிதந்து வரும் கரித்துகளையும் தூசையும் எண்ணிக் கணக்கிடும் கருவிகளை இத்தாலியரும் இந்தியரும் அங்கே நிறுவியிருக்கின்றனர். மனிதர் தம் மேனியிலிருந்து கரியைக் கழுவிய அதே சுவர்களுக்குள், பூமியின் காற்றில் எவ்வளவு கரி கலந்துள்ளது என்று இன்று பார்க்கப்படுகிறது.

இந்தியா அத்தீவுகளுக்குச் சென்ற வரலாறும் அறியத் தக்கது. ஸ்வால்பார்ட் தீவுகளின் ஆட்சியை நோர்வேக்கு அளித்து, ஏனைய நாட்டாருக்கும் அங்கே சம உரிமைகள் சிலவற்றை வழங்கும் உடன்படிக்கை 1920ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாரிசு நகரில் கைச்சாத்தானது. அப்போது பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த இந்தியாவும் அதில் ஒரு தரப்பாக இடம்பெற்றது. ஆயினும், அவ்வுரிமை நெடுங்காலம் ஏட்டளவிலேயே கிடந்தது. 2007ஆம் ஆண்டு ஓகஸ்டில் முதலாவது இந்திய விஞ்ஞானிகள் குழு அங்கே சென்றது. 2008ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ‘ஹிமாத்ரி’ என்னும் இந்திய நிலையம் திறந்துவைக்கப்பட்டது. எட்டுப் பேர் வரை தங்கக்கூடிய இரண்டு மாடி வீடு அது. 2014ஆம் ஆண்டில் குடாவின் நீருக்குள், 192 மீற்றர் ஆழத்தில், கடலின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவித்தொகுதி ஒன்றும் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது.

அங்கே செல்பவரின் வாழ்க்கை எத்தகையது? தீவுக்கூட்டத்தின் தலைமை நகரான லோங்யேர்பியனிலிருந்து சிறு விமானம் ஒன்று பனிமலைகளுக்கு மேலாகப் பறந்து அரைமணி நேரத்துக்குள் அவரைக் கொண்டுபோய் இறக்கும். அவர் முதலிற் செய்ய வேண்டியது தம் கைத்தொலைபேசியின் அலைவரிசைகளை அணைத்துவிடுதல். நீ ஓலசுண்டைச் சுற்றி 20 கிலோமீற்றருக்குக் கம்பியில்லா இணையமும் அதனையொத்த சாதனங்களும் விலக்கப்பட்டுள்ளன. வானவெளியின் கோடியில், பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் மிக மெல்லிய வானொலி அலைகளைப் பெரிய அலைவாங்கிகள் அங்கே கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கொண்டே பூமியின் சுழற்சியும் நிலத்தின் நகர்வும் மில்லிமீற்றர் அளவுக்குக் கணிக்கப்படுகின்றன. பக்கத்து அறையிலிருந்து எழும் ஒரு சிறு அலையும் அக்கேள்வியைக் கெடுத்துவிடும். வானொலியின் வழியே உலகை அறியும் நேயர்களுக்கு, வானொலி அலை அடக்கப்பட்ட ஊர் ஒன்று உண்டு என்பது வியப்பாயிருக்கலாம். அங்கே பேசுவது குறைவு, கேட்பது மிகுதி.

ஊரார் யாவரும் ஒரே உணவுக்கூடத்தில் உண்கின்றனர். வெவ்வேறு நாட்டார் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, அன்றைய காற்றைப் பற்றியும் மறுநாளைய மூடுபனியைப் பற்றியும் பேசிக்கொள்வர். சனிக்கிழமை இரவில் கம்பளிச் சட்டையை மாற்றி நல்லுடை அணிந்து வருவது வழக்கம். நாட்களுக்குள் வேறுபாடு தோன்றாத ஊரில் வாரம் ஒன்று கழிந்தது என்பதை மனத்துக்கு உணர்த்த இஃது ஓர் உபாயம். வீட்டு வாசலில் மிதியடியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். கரித்தூசு உள்ளே வராதிருக்கச் சுரங்கத் தொழிலாளர் கைக்கொண்ட முறை அது. தூசு போன பின்னும் முறை போகவில்லை. தமிழ் வீடுகளிலிருந்து செல்வோருக்கு அதனைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வீடுகளின் கதவுகளைப் பூட்டும் வழக்கமும் அங்கில்லை. வெண்கரடி திடீரென்று தோன்றினால், வெளியில் நிற்பவர் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழைய வேண்டும் என்பதே காரணம். ஊரின் எல்லையைத் தாண்டிச் செல்வோர் துவக்கும் வெளிச்சக் குண்டும் எடுத்துச் செல்வர். சுடும் பயிற்சி பெறாதவர் தனியே போகக்கூடாது. எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதைச் சொல்லிவிட்டே செல்ல வேண்டும். கரடியைக் கொல்வது நோக்கமன்று. அதன் வழியிற் குறுக்கிடாது ஒதுங்குவதே முறை. கோடையில் வேறொரு தொல்லையும் உண்டு. ஆலா என்னும் கடற்பறவை வீடுகளுக்கிடையே நிலத்திலேயே முட்டையிடும். அருகிற் செல்வோரின் தலையைக் கொத்தப் பாயும். உயர்ந்த பட்டத்தையுடைய பேராசிரியரும் தலைக்குமேல் ஒரு தடியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து செல்வதை அங்கே காணலாம்.

ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பின்னர் ஓகஸ்ட் பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை அது உதிப்பதில்லை. நள்ளிரவு வெயிலில் தூங்குவதற்குத் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். நண்பகல் இருளில் வேலை செய்வதற்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கான இருளில் உறக்கம் பிறழும், மனம் சோரும். அப்போது மனிதரைத் தாங்குவது குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய குறித்த வேலையே.

அவ்வேலைகளுள் ஒன்று பலூன் விடுதல். ஜேர்மனியும் பிரான்சும் கூட்டாக நடத்தும் நிலையத்தில் நாள்தோறும் நண்பகலையொட்டி இது நடைபெறுகிறது. ஈலியம் நிரப்பிய பெரிய பலூன் ஒன்றின் கீழ், வெப்பத்தையும் ஈரத்தையும் உணரும் சிறு பெட்டி கட்டப்படும். பலூன் மேலே செல்லச் செல்ல வெளியமுக்கம் குறையும். பலூன் பருத்துக்கொண்டே போகும். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்துவிடும். அதுவரை தான் கண்ட செய்தியைப் பெட்டி கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். வாரத்தில் ஒரு நாளேனும் ஓசோனை அளக்கும் கருவியும் அதனோடு செல்லும். உலகெங்கும் பல நூறு இடங்களில் இவ்வாறு குறித்த வேளைகளில் பலூன்கள் விடப்படுகின்றன. அவற்றின் செய்திகளை ஒன்றுசேர்த்தே நாளைய வானிலை கணிக்கப்படுகிறது. ஒருவன் சோம்பலினால் ஒரு நாள் விட்டுவிட்டால், உலகப் படத்தில் ஓர் இடம் அன்று வெறுமையாகும்.

ஊருக்குப் பின்னால் செப்பலின் என்னும் மலை நிற்கிறது. அதன் சரிவில் 474 மீற்றர் உயரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. 1990ஆம் ஆண்டு முதல் அது இயங்கி வருகிறது. ஹட்டன் நகரமோ கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் செப்பலின் ஒரு சிறு குன்றே. ஆயினும், அவ்வுயரம் அங்கே போதுமானது. ஊருக்கு வேண்டிய மின்சாரம் டீசல் இயந்திரங்களாற் பெறப்படுகிறது. அப்புகை கீழேயே தங்கிவிடும். மேலேயுள்ள கூடத்துக்கு வருவது பெரும்பாலும் நெடுந்தூரத்துக் காற்று. பணியாளர் சிறியதொரு தொங்கு வண்டியில் ஏறி அங்கே செல்கின்றனர். கருவிகளில் படிந்த உறைபனியைத் தட்டுவதும், வடிதாளை மாற்றுவதும், குழாய்களைச் சோதிப்பதும் அவர்களுடைய வேலை. காற்று வலுத்தால் வண்டி ஓடாது. அப்போது அது தணியும் வரை காத்திருக்க நேரும்.

அங்கே சிறப்பாக அளக்கப்படுவது காபனீரொட்சைட்டு. கண்ணாடிக் குடுவைகளிற் காற்றைப் பிடித்து மூடி, அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கமும் 1990கள் தொட்டு இருந்து வருகிறது. இங்ஙனம் காற்றுப் பிடிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். மனிதன் வெளிவிடும் மூச்சில், வெளிக்காற்றில் உள்ளதைப் போல நூறு மடங்கு காபனீரொட்சைட்டு இருக்கிறது. அளப்பவனின் ஒரு மூச்சு குடுவைக்குள் புகுந்தாலும் அளவு பொய்த்துவிடும். ஆகவே, காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையின் பக்கம் குடுவையை வைத்து, தான் பின்னே ஒதுங்கி நிற்பதே இத்தகைய அளவையின் பொது விதி. அளப்பவன் தன்னை அளவினுள் நுழைக்கலாகாது என்னும் நெறியை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் உரைக்க இயலாது.

இத்தனை பாடுபட்டு அளந்தவற்றால் தெரிந்தது யாது? ஆலைகள் பெருகுவதற்கு முன், காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் என்னும் விஞ்ஞானி தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 315 ஆக இருந்தது. இன்று, மௌனா லோவாவிலும் செப்பலினிலும் அது 420ஐக் கடந்துவிட்டது. ஒரு தொன் நிலக்கரி எரியும்போது அதிலுள்ள காபன் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதால், இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டு உண்டாகிறது. நிலத்தடியில் கோடானு கோடி ஆண்டுகள் உறங்கிய கரி வானத்துக்கு இடம் மாறியிருக்கிறது. கரியை மேலே அனுப்பிய ஊர்களுள் ஒன்றே, அது மேலே போய்ச் சேர்ந்த கணக்கை இன்று எழுதுகிறது.

தொலைவில் எழும் புகைக்கும் எல்லைக்கோடு இல்லை. 2006ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கு ஐரோப்பாவில் உழவர் தம் வயல்களில் வைத்த தீயின் புகை வடக்கே நகர்ந்து ஸ்வால்பார்ட்டை வந்தடைந்தது. அதுவரை செப்பலினிற் காணப்படாத அளவுக்கு மாசு பதிவாயிற்று. தெளிந்த வானம் பழுப்பேறி, எதிர்க்கரை மலைகள் மங்கின. எரிந்த வயலுக்கும் மங்கிய மலைக்கும் இடையே பல ஆயிரம் கிலோமீற்றர். வெண்பனியின் மேல் கரித்துகள் படிந்தால் பனி வெயிலைத் திருப்பியனுப்பும் ஆற்றலை இழக்கிறது, விரைந்து உருகுகிறது. 1979ஆம் ஆண்டின் பின்னர், உலகின் சராசரியை விட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் பகுதி வெம்மையேறியுள்ளது. முன்பு குளிர்காலத்தில் உறைந்து, பனிவண்டி ஓட்டத் தக்கதாயிருந்த அக்குடா, 2006ஆம் ஆண்டுக்குப் பின் பெரும்பாலும் உறையாமலே கிடக்கிறது.

2012ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், சூரியனே உதிக்காத நடுக்குளிர்காலத்தில், நீ ஓலசுண்டில் மழை பெய்தது. ஒரே நாளில் 98 மில்லிமீற்றர். மேல் கொத்மலையிலோ மஸ்கெலியாவிலோ தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அவ்வளவு பெய்தால் எவரும் பெரிதாகப் பேசமாட்டார். ஆனால், ஆண்டு முழுவதற்கும் 400 மில்லிமீற்றர் அளவே பெய்யும் ஊரில், அதுவும் பனி விழ வேண்டிய மாதத்தில், அந்த மழை பேரிடியாக வந்தது. விழுந்த நீர் நிலத்தில் கண்ணாடிபோல் உறைந்து மேய்ச்சலை மூடிற்று. கலைமான்கள் பல பட்டினியால் மடிந்தன. நாள்தோறும் மழையை அளந்து எழுதிய பழைய குறிப்புக்கள் இல்லாதிருந்தால், அந்த 98 மில்லிமீற்றர் எத்துணை அபூர்வமானது என்பதை எவரும் அறிந்திருக்க முடியாது.

இக்காரணத்தினாலேதான் கோடையில் மாத்திரம் இயங்கிவந்த ஹிமாத்ரியைக் குளிர்காலத்திலும் திறந்துவைக்க இந்தியா முடிவு செய்தது. ஆண்டின் பாதியை மட்டும் எழுதிய கணக்கு பாதிக் கணக்கே அன்றோ? 2023ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள் முதலாவது குளிர்காலக் குழு வழியனுப்பி வைக்கப்பட்டது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிறுவனம், மண்டி நகரத் தொழில்நுட்பக் கழகம், பூனா வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம், கோவா துருவ ஆராய்ச்சி மையம் ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் ஆய்வாளர் சென்றனர். வெயிலையன்றி வேறறியாத நாட்டார் நண்பகலிலும் விண்மீன் தெரியும் இருளில் கருவிகளைக் காத்து நின்றனர். ஆர்க்டிக் பனியின் குறைவுக்கும் இந்து சமுத்திரப் பருவமழையின் பிறழ்வுக்கும் தொடர்பு உண்டா என்பது அவர்களது நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து வரும் கேள்விகளுள் ஒன்று. பருவமழையை நம்பிக் கொழுந்தெடுக்கும் மலையகத்துக்கும் அக்கேள்வி அந்நியமானதன்று.

அளத்தல் என்பதும் மலையகத்துக்குப் புதிதன்று. பல தோட்டங்களில் நெடுங்காலமாகக் காலைதோறும் மழைமானியைப் பார்த்து ஏட்டில் எழுதி வந்திருக்கின்றனர். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும் வானிலை அளக்கப்படுகிறது. ஆயினும், அளந்த எண் உரியவரிடம் போய்ச் சேராவிட்டால் அது வெறும் எண்ணாகவே நின்றுவிடும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தனர். போவதற்கு வேறிடம் அவர்களுக்கு அமையவில்லை. நோர்வேச் சுரங்கத்தைப் போலவே, இம்மலையும் தன்னுள் மனிதரை வைத்துக்கொண்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையிலும் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் பல மாண்டன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவைப் பற்றி மக்களுக்குக் கூறிவரும் கணக்கு எளியது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்துவிட்டால் சரிவான இடங்களில் வாழ்வோர் விழிப்பாயிருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும். இக்கணக்கைப் பயன்படுத்தப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாயுள்ள பாத்திரம் ஒன்றும், அளவுகோல் ஒன்றும், ஒரு குறிப்பேடும் போதும். பாத்திரத்தை மரநிழலும் கூரையும் இல்லாத வெளியில் நிறுத்தி, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தைப் பார்த்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாளிலும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். அந்த ‘இல்லை’யை எழுதாது விடுபவனுடைய கணக்கை எவரும் நம்பமாட்டார். பெருமழை நாளிலோ, காலை வரை காத்திராமல் மூன்று மணிக்கு ஒருமுறை பார்ப்பது நன்று. அத்தகைய வேளைகளில் நீரைக் கொட்டாமல், ஏறும் உயரத்தை மாத்திரம் குறித்துக்கொள்ள வேண்டும். இருளில் தனியே வெளிச்செல்லாமலிருக்க, வாசலிலிருந்தே விளக்கொளியில் தெரியுமாறு பாத்திரத்தை அமைத்துக்கொள்ளலாம்.

மலையகத்துப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பாத்திரமும் ஏடும் இருக்குமானால் பெரும் பயன் விளையும். ஆண்டுக்கு ஒரு வகுப்பார் அப்பொறுப்பை ஏற்கலாம். விடுமுறை நாட்களில் அருகிலுள்ள லயனைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அதனைப் பார்த்துக்கொள்ளலாம். அன்றைய எண்ணைப் பாடசாலை வாசலிற் கரும்பலகையில் எழுதினால், கொழுந்து மடுவத்துக்குச் செல்லும் தாய்மாரும் அதனைக் கண்டு செல்வர். 75 என்னும் எண் பலகையில் ஏறிய நாளில் எந்த லயனிலுள்ளோர் எங்கே சென்று தங்குவது என்பதைத் தோட்ட நிருவாகமும் கிராம சேவையாளரும் பெற்றோரும் கூடி, மழைக்காலம் தொடங்குமுன்னரே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். மழையை அளப்பது பிள்ளைகளின் வேலை. போவதற்கு இடம் காட்டுவது பெரியவர்களின் கடமை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றையது பயன்படாது.

ஓராண்டின் ஏடு நிரம்பியதும் அதனைப் பத்திரமாக வைத்து, அடுத்த வகுப்பாரிடம் புதிய ஏட்டைக் கொடுக்க வேண்டும். பத்தாண்டு சென்றபின் பத்து ஏடுகள் இருக்கும். எந்த மாதத்தில் மழை கூடுகிறது, எந்தப் பருவம் தவறுகிறது, முன்னொரு நாள் எவ்வளவு பெய்தபோது மலை அசைந்தது என்பதை அவ்வூர்ப் பிள்ளைகளே, தம் மூத்தோர் எழுதிய எழுத்திலிருந்து, படித்தறிந்துகொள்வர்.